நறுக்காத காது

தம்பி பெங்களூரிலிருந்து நாய்க்குட்டியோடு வந்து இறங்கிய அன்று போளூரில் நல்ல மழை. பிறந்து ஐம்பது நாளான கிரேட் டேன் குட்டி. துண்டில் சுற்றியிருந்ததை அவிழ்த்ததும் நேராகத் தறிக்குழி ஓரம் போய்ப் படுத்துக்கொண்டது. சாம்பல் நிறம், உடம்புக்குப் பொருந்தாத பெரிய பாதங்கள், வாடிய வெற்றிலை போல இரண்டு பக்கமும் தொங்கும் காதுகள். அப்பா தறியிலிருந்து எழாமலே ஒரு நிமிஷம் பார்த்தார். "மணியன்னு கூப்பிடுங்க" என்றார்.

ஆரணிப் பட்டுக்குத் தறி ஓடுகிற வீடு எங்களுடையது. அறுத்து மடித்த சேலைகளும் ஜரிகைக் கட்டுகளும் எப்போதும் இருக்கும். பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டுப் பூட்டு உடைந்ததிலிருந்து தம்பிக்குக் கவலை. அதனால்தான் பெரிய ஜாதி நாய்.

மறுநாளிலிருந்து வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள். "இன்னாப்பா, காது நறுக்கலையா? நறுக்கினாத்தானே நிமிர்ந்து நிக்கும்?" தம்பி ஏற்கெனவே விசாரித்து வைத்திருந்தான். பன்னிரண்டு வாரத்துக்குள் செய்துவிட வேண்டுமாம். அதற்கு மேல் போனால் குருத்தெலும்பு தடித்துவிடுமாம். தேதி வாங்கப்போவதாகச் சொன்னான். எனக்கு இரண்டு வாரம் கொடு என்று கேட்டேன்.

காரணம் ராஜா. நான் ஏழாவது படிக்கும்போது மாமா வீட்டில் இருந்த டாபர்மேன். ஒரு மருத்துவமனையில் அதற்குக் காது வெட்டிக்கொண்டு வந்தார்கள். தலைக்கு மேல் அட்டைக் கிண்ணம் மாதிரி ஒன்றை வைத்து, இரண்டு காதையும் அதில் ஒட்டிப் பிளாஸ்திரி சுற்றியிருந்தது. வாரத்துக்கு ஒருமுறை அதைப் பிரித்து மாற்றுவார்கள். அப்போது அதன் முன்னங்கால்களைப் பிடித்துக்கொள்வது என் வேலை. இடது காதின் தையலில் சீழ் வைத்தது. இரண்டு மாதம் கழித்துக் கட்டுப் பிரித்தபோது வலது காது நின்றது, இடது காது பாதியில் மடிந்து விழுந்தது. அதன் பிறகு ராஜா சாகும்வரை யார் தலையைத் தடவக் கை நீட்டினாலும் தாழ்ந்து ஒதுங்கும். இத்தனையும் எதற்காக என்று அன்று எனக்குக் கேட்கத் தெரியவில்லை. மணியன் வந்த பிறகுதான் கேட்டேன். நாயின் காதை வெட்ட வேண்டும் என்று முதலில் யாருக்குத் தோன்றியது? எதற்குத் தோன்றியது?

முதலில் போனது எங்கள் தெருக்கோடியில் இருக்கும் ஒரு தாத்தாவிடம். எண்பதைத் தாண்டியவர். ஜவ்வாது மலை அடிவாரத்தில் ஆடு ஓட்டிய குடும்பம். "நாங்களும் நறுக்கியிருக்கோம்பா" என்றார். கண் திறந்த சில நாளிலேயே நாட்டுக் குட்டியின் காது நுனியைச் சவரக் கத்தியால் சீவிவிட்டு, அடுப்புச் சாம்பலும் மஞ்சளும் அப்புவார்களாம். ஏன் என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணினார். ஈ மொய்த்துப் புண் ஆகாது. நாய்க்கு ரோஷம் வரும். மூன்றாவது விரலுக்கு வந்தபோது குரல் மாறியது. "பன்னி கிழிச்சிடும்பா. காட்டுப் பன்னிய மடக்கும்போது தொங்குற காதுலதான் கொம்பு முதல்ல மாட்டும். காது கிழிஞ்சா ரத்தம் நிக்காது. நாய் தலைய உதறி உதறியே சோர்ந்துடும்."

பன்றியின் கோரைப்பல்லை அவர் கொம்பு என்றுதான் சொன்னார். அந்த மூன்றாவது விரலைப் பிடித்துக்கொண்டு புத்தகங்களுக்குள் போனேன். பாதை நேராக ஜெர்மனிக்குப் போனது. கிரேட் டேன் என்ற பெயரில் டென்மார்க் இருக்கிறதே தவிர, இந்த நாய் டென்மார்க் நாயே அல்ல. 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு இயற்கையியலாளர் புஃபோன் வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. ஜெர்மானியர்கள் இதை 'டாய்ச்ச டாக' என்கிறார்கள். 1888-இல் அங்கே இதற்கென்று ஒரு சங்கமே தொடங்கினார்கள். அதற்கு முன் பல தலைமுறைகளாக இதன் முன்னோர்கள் பிரபுக்களின் காடுகளில் காட்டுப்பன்றியை மடக்கிப் பிடித்தவை. காதை வெட்டியது பன்றியின் பல்லுக்குப் பயந்துதான். ஜவ்வாது மலைக்காரரும் ஜெர்மன் பிரபுவின் வேட்டைக்காரரும் ஒருவரை ஒருவர் அறியாமலே ஒரே காரணத்துக்கு ஒரே கத்தியை எடுத்திருக்கிறார்கள். நாய்ச் சண்டை நடத்தியவர்களுக்கும் கணக்கு இதேதான். எதிரி நாய் கவ்விப் பிடிக்க வாட்டமான இடம் காது. அதை எடுத்துவிட்டால் பிடி கிடைக்காது.

டாபர்மேனின் கதை இன்னும் பிந்தியது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அபோல்டா என்ற ஜெர்மன் ஊரில் வரி வசூலித்த கார்ல் ஃப்ரீட்ரிக் லூயிஸ் டோபர்மான், பணப்பையோடு போகும் தனக்குத் துணையாக உருவாக்கிய நாய் அது. ராஜாவின் காதை வெட்டச் சொன்ன வழக்கத்துக்குப் பன்றிக்காடும் தெரியாது, வரிப் பணமும் தெரியாது.

வேட்டை குறைந்த பிறகு கத்தி ஏன் ஓயவில்லை? அந்த நாய்கள் கண்காட்சி மேடைக்குப் போயிருந்தன. அங்கே ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு தோற்றத்தை எழுதி வைத்தார்கள். காட்டில் அடிபடாமல் இருக்க வெட்டிய காது மேடையில் லட்சணமாக மாறியது. ஆனால் முதலில் எதிர்ப்பு கிளம்பிய இடங்களில் ஒன்று அந்த மேடையேதான். இங்கிலாந்தில் வேல்ஸ் இளவரசராக இருந்த எட்வர்டு, தன் நாய்களில் எதையும் ஊனப்படுத்த விட்டதில்லை என்று வெளிப்படையாக எழுதினார். காது வெட்டிய நாய்கள் தன் கண்காட்சிகளில் போட்டியிடக் கூடாது என்று அந்நாட்டுக் கென்னல் கிளப் 1898-இல் விதி செய்தது. இந்த நாய் உருவான ஜெர்மனியிலும் 1987 முதல் காது வெட்டுவதைச் சட்டம் தடை செய்கிறது. பிறந்த நாட்டிலேயே கைவிட்டுவிட்ட வழக்கத்தைப் போளூரில் என் தம்பி தொடங்கப் பார்த்தான்.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது? அந்தத் தேடல் என்னைச் சென்னைக்கு அழைத்துப்போனது. நாம் நடனக் கலைஞராக மட்டும் அறிந்திருக்கும் ருக்மிணி தேவி அருண்டேல், 1952-இல் மாநிலங்களவை உறுப்பினராக நியமிக்கப்பட்டதும் விலங்குகளுக்காக ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசே சட்டம் கொண்டுவரும் என்று நேரு வாக்குக் கொடுத்ததால் திரும்பப் பெற்றார். அப்படிப் பிறந்ததுதான் 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம். 1962-இல் அவர் தலைமையில் விலங்குநல வாரியமும் சென்னையில் அமைந்தது.

அந்தச் சட்டத்தின் 11-ஆவது பிரிவை நிதானமாகப் படித்தேன். விலங்கை ஊனப்படுத்துவது குற்றம் என்கிறது. பிறகு விதிவிலக்குகளைச் சொல்கிறது. மாட்டுக்குக் கொம்பு நீக்குவது, காயடிப்பது, சூடு போடுவது, மூக்கணாங்கயிறு குத்துவது ஆகியவற்றை முறைப்படி செய்யலாம். உழவனின் அன்றாடத் தேவை தெரிந்தவர்கள் எழுதிய பட்டியல் இது. இதில் நாயின் காது இல்லை. முதல் முறை குற்றம் செய்தவருக்கு அந்தச் சட்டம் விதித்த அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரைதான். கத்தி நிற்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

2011-இல் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில், சிகிச்சைக்காக அல்லாமல் அழகுக்காகக் காதும் வாலும் வெட்டுவது கூடாது என்றது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியக் கென்னல் கிளப் அதை எதிர்த்து உயர் நீதிமன்றம் போனது. 2013-இல் தீர்ப்பு கிளப் பக்கம் வந்தது. நாய் வளர்ப்பவர்களிடம் விசாரித்தால் ஆளுக்கொரு பதில் கிடைப்பது இதனால்தான். வழக்கு முடிந்தது, என் கேள்வி முடியவில்லை. நீதிமன்றத்தில் கேட்கப்படாதது ஒன்று பாக்கி இருந்தது. வெட்டுவதால் மணியனுக்கு என்ன கிடைக்கும்?

அதை ஒரு கால்நடை மருத்துவரிடம் கேட்டேன். மணியனை மேசையில் நிற்க வைத்து, காது மடலைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். வெயில் ஊடுருவி மடல் முழுக்கச் சிவப்பானது. கொடி படர்ந்த மாதிரி ரத்தக்குழாய்கள். இரண்டு தோலுக்கு நடுவே பாவு நூல் போல மெல்லிசான குருத்தெலும்பு. "இதுல பாதிக்கு மேல போயிடும். மயக்கம் கொடுத்துத்தான் வெட்டுவாங்க. மயக்கம் தெளிஞ்ச பிறகு வலி அதோடதுதான். அப்புறம் வாரக்கணக்குல, சிலதுக்கு மாசக்கணக்குல, கட்டு. அவ்வளவு செஞ்சும் நிக்காமப் போறது உண்டு" என்றார்.

தொங்கும் காதில் சீழ் வரும் என்கிறார்களே என்றேன். மடலைக் கீழே விட்டு, காதின் அடியில் விரலை வைத்துக் காட்டினார். நாயின் காதுக்குழாய் முதலில் செங்குத்தாக இறங்கி, பிறகு உள்ளே திரும்புகிறது. நோய் வருவது அந்த வளைவுக்குள். பெரும்பாலும் ஒவ்வாமையால் வருகிறது, ஈரத்தாலும் வருகிறது. மடலை வெட்டினால் குழாய் மாறிவிடாது. இயல்பாகவே காது நிமிர்ந்த ஜெர்மன் ஷெப்பர்டுக்கும் இதே தொல்லை வருகிறது. வாரம் ஒருமுறை பார்த்துத் துடைத்து உலர வைத்தால் போதும் என்றார். பிறகு அவர் சொன்னதுதான் எனக்குள் தங்கிவிட்டது. "பயந்தா காது பின்னால போகும். கவனிச்சா காதோட அடி எழும்பும். கொஞ்சினா தளரும். இன்னொரு நாய் இத தூரத்துலயே படிச்சுக்கும். அதோட பேச்சுல பாதி இங்க இருக்கு."

வெளியே வந்தபோது வாசலில் ஒரு தெருநாய் படுத்திருந்தது. காது நுனியில் சிறு வெட்டு. கருத்தடை செய்து தடுப்பூசி போட்டதற்கான அடையாளம். சென்னையில் 1959-இல் தொடங்கிய புளூ கிராஸ், தெருநாய்களைக் கொல்வதற்கு மாற்றாக 1964-இல் கருத்தடையைக் கையில் எடுத்தது. 1996-இல் சென்னை மாநகராட்சியும் அந்த வழிக்கு வந்தது. ஒரே மயக்கத்தில், கருத்தடையோடு சேர்த்துச் செய்கிற அந்தச் சிறு வெட்டு, மறுபடி பிடித்து மறுபடி வயிற்றைக் கிழிக்காமல் அந்த நாயைக் காக்கிறது. எந்த வெட்டுமே கூடாது என்று நான் சொல்லவில்லை. வெட்டினால் அது நாய்க்கு உதவ வேண்டும். மணியனுக்குப் பேசிவைத்த வெட்டு பார்க்க வருகிறவர்களின் கண்ணுக்கு மட்டுமே உதவும்.

இரண்டு வாரம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது தம்பியையும் ஏற்றிக்கொண்டு தண்டராம்பட்டு பக்கம் எடுத்தனூருக்குப் போனேன். எங்கள் மாவட்டத்திலேயே நாய்க்கு ஒரு கல் இருக்கிறது. முதலாம் மகேந்திரவர்மனின் முப்பத்து நான்காம் ஆட்சியாண்டில், 7-ஆம் நூற்றாண்டில், எழுப்பிய நடுகல். எருமைக் கூட்டத்தைக் காக்க நின்று கருந்தேவக்கத்தி என்பவன் இறந்தான். அவனோடு இருந்த நாய் கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்றது. நாயின் பெயர் கோவிவன். வீரனோடு நாயையும் செதுக்கி, பெயரையும் பொறித்திருக்கிறார்கள். தமிழக அரசின் தொல்லியல் துறை 1972-இல் வெளியிட்ட செங்கம் நடுகற்கள் நூலில் இந்தக் கல்லும் உண்டு.

தம்பி கல்லெழுத்தின் மேல் விரலை ஓட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றான். அந்த எழுத்தில் நாயின் நிறம் இல்லை, உயரம் இல்லை, காது இல்லை. அது செய்த காரியம் இருக்கிறது, அதன் பெயர் இருக்கிறது. காவலுக்கு நாய் வைத்தவர்கள் எதை நினைவில் வைத்தார்கள் என்பதை அவனிடம் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. வண்டியில் திரும்பி வரும்போது அவனே போனை எடுத்துத் தேதி வேண்டாம் என்று சொன்னான்.

மணியனுக்கு இப்போது எட்டு மாதம். நின்றால் தலை தறிக்கட்டைக்கு மேல் தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா பஞ்சை விரலில் சுற்றி அதன் காதைத் துடைக்கிறார். இழை முடிகிற அதே விரல்கள். அது கண்ணை மூடிக்கொண்டு தலையை அவர் மடியில் சாய்க்கிறது. யாரும் முன்னங்காலைப் பிடிக்க வேண்டியதில்லை.

இரவில் தெருக்கதவின் கொக்கி லேசாக அசைந்தாலும் முதலில் எழுவது தொங்கும் அந்த இரண்டு காதுகளின் அடிப்பாகம்தான். அதற்குப் பிறகுதான் தலை, அதற்கும் பிறகுதான் குரல். அப்பா இருட்டிலேயே சொல்கிறார்: "அதுக்குக் கேட்டுடுச்சு. நீங்க தூங்குங்க."