ஜமக்காளம் சுருட்டுகிறவர்கள்

பொதுக் காரியத்தில் இறங்குகிற மனிதன் கூட்டத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணிப் பார்க்கிறான். கூட்டம் முடிந்த பிறகு ஜமக்காளத்தைச் சுருட்டுகிறவர் யார் என்று பார்ப்பதில்லை. நானும் பார்க்கவில்லை. அதனால் ஒரு சங்கத்தையே சாகடிக்க இருந்தேன்.

எங்கள் ஊரில் ஓர் ஊருணி இருக்கிறது. என் தாயார் அதில் குடிநீர் எடுத்திருக்கிறார். நான் அதில் நீந்தக் கற்று, முதுகில் அடியும் வாங்கியிருக்கிறேன். ஏழு ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் அதன் வடகரையில் குப்பை வண்டி ஒன்று வந்து நின்றது. மறுநாள் இரண்டு வண்டிகள் வந்தன. ஆறு மாதத்தில் வடகரையே மேடாகிவிட்டது. மேடான இடத்தில் கல் நட ஆள் வருவான் என்பது நம் நாட்டில் எல்லாருக்கும் தெரிந்த சாஸ்திரம்தானே? ஊர்க்காரர்கள் கூடி ஊருணிப் பாதுகாப்புச் சங்கம் ஆரம்பித்தோம். நாலு நாவல் எழுதியவன் என்ற ஒரே தகுதிக்காக என்னைத் தலைவனாக்கினார்கள். எனக்கும் அது நியாயமாகவே பட்டது!

முதல் கூட்டத்துக்கு எண்பது பேர் வந்தார்கள். முக்கால் மணி நேரம் பேசினேன். பண்டைக் காலத்து ஏரிகளில் ஆரம்பித்து மனித குலத்தின் எதிர்காலம் வரைக்கும் போனேன். கைதட்டல் பலமாக இருந்தது. இரண்டாம் கூட்டத்துக்கு முப்பது பேர். மூன்றாம் கூட்டத்துக்கு ஒன்பது பேர். அவர்களிலும் இரண்டு பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள். செல்பேசிக் குழுவில் மட்டும் இருநூறு பேர் இருந்தார்கள். தினமும் காலை வணக்கம் சொன்னார்கள்.

“இந்த ஊர் உருப்படாது” என்று நான் முணுமுணுத்தபோது, பக்கத்தில் ஜமக்காளத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தார் இட்லிக்கடை ஆச்சி. ஜமக்காளமும் அவருடையதுதான். மூன்று கூட்டத்துக்கும் அவரே விரித்து, அவரே சுருட்டியிருக்கிறார் என்பது அப்போதுதான் என் கண்ணில் பட்டது.

“ஐயா, கோவிச்சுக்கிடாதீங்க. நீங்க நல்லாத்தான் பேசுறீங்க. ஆனா பேசி முடிச்சப்புறம் எங்களுக்கு என்ன வேலைன்னு சொல்லலியே. கைதட்டுறதுதான் வேலைன்னா, அதுக்கு யாரு கடையைப் பூட்டிட்டு வருவா?” என்றார் ஆச்சி.

அன்று இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. கோபம் பாதி, வெட்கம் பாதி. புரண்டு படுத்தபோது வேதாரண்யம் நினைவுக்கு வந்தது. 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி ஏறத்தாழ நூறு தொண்டர்களுடன் திருச்சியிலிருந்து உப்பெடுக்கப் புறப்பட்டார். சத்தியாக்கிரகிகளுக்குச் சோறும் இடமும் கொடுப்பவர்களுக்குத் தண்டனை உண்டு என்று தஞ்சை ஜில்லா கலெக்டர் தார்ன் எச்சரித்தார். அப்படியும் தொண்டர்கள் பட்டினி கிடக்கவில்லை. வழியோர மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்கள் தொங்கின! கட்டித் தொங்கவிட்டவர்கள் மேடை ஏறியவர்கள் அல்லர். அடுப்படியில் நின்றபடியே யாத்திரையில் கலந்துகொண்டவர்கள். ராஜாஜியின் பெயர் சரித்திரத்தில் நிற்கிறது. அந்தப் பொட்டலங்கள் இல்லாவிட்டால் யாத்திரை வேதாரண்யம் வரை நடந்திருக்குமா?

கடல் கடந்த உதாரணமும் ஒன்று உண்டு. அமெரிக்காவில் மாண்ட்கமரி நகரத்தில் 1955 டிசம்பர் 1 அன்று, பஸ்ஸில் வெள்ளைக்காரருக்கு இடம் விட மறுத்ததற்காக ரோசா பார்க்ஸ் கைதானார். அதைத் தொடர்ந்து நடந்த பஸ் புறக்கணிப்பு 381 நாள் நீடித்தது. உலகம் மார்ட்டின் லூதர் கிங்கின் பிரசங்கங்களை நினைவில் வைத்திருக்கிறது. ஆனால் கைதான அன்று இரவே கல்லூரியில் உட்கார்ந்து, விடிவதற்குள் ஆயிரக்கணக்கில் துண்டுப் பிரசுரங்களை நகலெடுத்தவர் ஜோ ஆன் ராபின்சன் என்ற ஆசிரியை. அவர் இருந்த மாதர் சங்கம் 1946-லேயே தோன்றியது. ஒரு இரவில் அத்தனை வேலை நடந்ததற்குப் பின்னால் ஒன்பது வருஷத்துப் பழக்கம் இருந்தது. புறக்கணிப்பு நடந்தபோது சொந்தக் கார் வைத்திருந்தவர்கள் முறைபோட்டு மற்றவர்களை வேலைக்கு ஏற்றிப் போனார்கள். ஜார்ஜியா கில்மோர் என்ற சமையற்காரப் பெண்மணி, தம்மைப் போன்ற பெண்களைச் சேர்த்துக்கொண்டு பலகாரம் விற்று அந்தக் கார்களுக்குப் பணம் திரட்டினார். பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் “எங்கிருந்தும் வரவில்லை” என்று சொல்லத் தோதாக, அந்தக் குழுவுக்கே அப்படி ஒரு பெயர் வைத்திருந்தார்கள். கொடுத்தவர்களுக்கு வேலை போய்விடக் கூடாதே!

மறுநாள் காலையில் ஆச்சியின் கடைக்குப் போனேன். “என்ன செய்யலாம், சொல்லுங்கள்” என்றேன். அவர் இட்லித் தட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: “முதல்ல வராதவங்க வீட்டுக்குப் போய் ஏன் வரலைன்னு கேளுங்க.”

கேட்டேன். மாலை ஆறு மணி என்பது பெண்களுக்கு அடுப்பு வேளை. கூலிக்குப் போகிறவர்கள் அப்போதுதான் பஸ் ஏறுகிறார்கள். நாங்கள் வசூலித்த தொகைக்கு யாரும் கணக்குச் சொல்லவில்லை. தென்தெருக்காரர்கள் தரையிலும் மற்றவர்கள் திண்ணையிலும் உட்கார்ந்ததைத் தென்தெருக்காரர்கள் கவனித்திருந்தார்கள். நான் கவனிக்கவில்லை. ஊர் உருப்படாததற்கு இத்தனை காரணங்கள் என் ஆசனத்தின் அடியிலேயே கிடந்தன.

ஆகவே ஏற்பாடுகளை மாற்றினோம். மாதத்தின் இரண்டாம் ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கூட்டம். நாற்பது நிமிஷத்துக்கு மேல் கிடையாது. எல்லாரும் ஒரே ஜமக்காளத்தில் உட்கார வேண்டும். தலைமை முறைபோட்டு வரும். ஒவ்வொரு தீர்மானத்துக்கும் எதிரே ஒரு பெயரும் ஒரு தேதியும் எழுத வேண்டும். பெயர் கொடுக்க ஆளில்லாவிட்டால் அந்தத் தீர்மானத்தை அடித்துவிட வேண்டும். வரவு செலவு ஆச்சிக் கடைக் கரும்பலகையில் சாக்பீஸால் எழுதப்படும். தேநீருக்கு ஆன எண்பது ரூபாயும் அதில் இருந்தது. வசூல் மூன்று மடங்காயிற்று.

இன்னொன்றையும் கற்றோம். முதல் சண்டை ஜெயிக்கக்கூடிய சண்டையாக இருக்க வேண்டும். ஊருணியை மீட்போம் என்று கோஷம் போடுவதை நிறுத்திவிட்டு, கரையில் எரியாத தெருவிளக்கு ஒன்றுக்காகப் பதினேழு பேர் நேரில் போய் மனுக் கொடுத்தோம். பத்து நாளில் விளக்கு எரிந்தது. அன்றுதான் எங்கள் ஜனங்களுக்கு மனு என்பது வெறும் காகிதம் அல்ல என்ற நம்பிக்கை வந்தது. பிறகு ஒரு கல்லூரி மாணவி, 2005-ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டத்தின்படி, பத்து ரூபாய் கோர்ட்டு வில்லை ஒட்டி, குப்பை கொட்ட அனுமதித்த உத்தரவின் நகலைக் கேட்டாள். முப்பது நாளில் பதில் தர வேண்டும் என்பது சட்டம். பதில் வந்தது: அப்படி ஓர் உத்தரவே கிடையாது! என் முக்கால் மணிப் பிரசங்கத்தைவிட அந்த ஒரு வரி அதிகம் சாதித்தது.

இத்தனையும் சுலபமாகச் சொல்லிவிட்டேன். சுலபமாக இல்லாதது ஒன்று பாக்கி இருக்கிறது.

முதல் கூட்டத்தில் ஓய்வுபெற்ற ஓவர்சீயர் ஒருவர் எழுந்து, “வரத்துக்கால்...” என்று ஏதோ சொல்ல வந்தார். திக்குவாய். நான் பிரசங்க வேகத்தில், “பெரியவர் பிறகு பேசலாம்” என்று கை அமர்த்திவிட்டேன். சபை சிரித்தது. பிறகு அவர் வரவேயில்லை. குப்பை வண்டி நின்ற பின்பும் ஊருணிக்குத் தண்ணீர் வரவில்லை. இரண்டு மழை வீணாயின. வரத்துக்கால் எங்கே அடைபட்டிருக்கிறது என்று எவருக்கும் தெரியவில்லை. தெரிந்தவர் ஒருவர் இருந்தார். அவர் வாயை நான் அடைத்திருந்தேன்.

அவர் வீட்டுக்குப் போகத் தீர்மானித்த பிறகும் நாலு நாள் போகவில்லை. வேறு ஆளை அனுப்பலாமா என்றுகூட யோசித்தேன். சங்கம் முக்கியமா, என் முகம் முக்கியமா என்ற கேள்வி புத்தகத்தில் எழுதச் சுலபம், படியேறக் கஷ்டம். ஐந்தாம் நாள் போனேன். “அன்றைக்கு உங்களைப் பேசவிடாதது என் தவறு. மன்னிக்க வேண்டும்” என்றேன். அவர் வெகு நேரம் பேசவில்லை. உள்ளே போய்ச் சாயம் போன புல வரைபடம் ஒன்றைக் கொண்டுவந்து விரித்தார். அ-பதிவேட்டின் நகலும் அதோடு இருந்தது. ஊருணிப் புறம்போக்கு எத்தனை சென்ட், வரத்துக்கால் எந்த வீட்டுப் பின்புறமாகப் போகிறது, எந்த இடத்தில் சிறு பாலம் மண்மூடிக் கிடக்கிறது என்று விரலால் காட்டினார். ஒவ்வொரு வார்த்தைக்கும் நேரம் ஆயிற்று. நான் அவசரப்படவில்லை. எழுத்தாளன் என்ற பெயரை வைத்துக்கொண்டு, ஒரு மனிதன் வாக்கியத்தை முடிக்கும்வரை காத்திருக்க அன்றைக்குத்தான் கற்றேன்.

அவர் காட்டிய இடத்தில் நாற்பது பேர் மூன்று ஞாயிறு மண் அள்ளினோம். அந்த ஐப்பசியில் ஊருணியில் முழங்காலளவு தண்ணீர் நின்றது. முழு வெற்றி என்று சொல்ல மாட்டேன். வடகரையில் நட்ட கல் இன்னும் நிற்கிறது. அதற்கு மனு நடந்துகொண்டிருக்கிறது. ஆனால் ஓவர்சீயர் இப்போது ஒவ்வொரு கூட்டத்துக்கும் வருகிறார். அவர் பேசத் தொடங்கினால் சபை சிரிப்பதில்லை, காத்திருக்கிறது. சங்கத்தின் பலம் என்ன என்று யாராவது கேட்டால் நான் அந்தக் காத்திருப்பைத்தான் காட்டுவேன்.

போன ஞாயிறு கூட்டம் முடிந்து எழுந்தேன். ஆச்சி நோட்டுப் புத்தகத்தை நீட்டினார். அந்த மாதத்து வேலைப் பட்டியலில் கடைசி வரி இப்படி இருந்தது: “ஜமக்காளம் — எழுத்தாளர்.”

நான் சுருட்ட ஆரம்பித்தேன். கோணலாகத்தான் வந்தது. ஆச்சி மறு முனையைப் பிடித்துக்கொண்டார்.