ஏகோஜி புறப்பட்டு வந்த ஊர்

எங்கள் நீடாமங்கலத்துக்கு யமுனாம்பாள்புரம் என்றும் ஒரு பெயர் உண்டு. தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங்கின் ராணி யமுனாம்பாள் பெயரில் இங்கே சத்திரம் எழுந்ததால் வந்த பெயர் அது. அந்தப் பிரதாப சிங்கின் பாட்டனார் ஏகோஜி, பீஜப்பூர் சுல்தானின் தளபதியாகத்தான் தஞ்சைக்கு வந்தார். பள்ளிக்கூடத்துச் சரித்திரப் புத்தகத்தில் இதற்கு ஒரு வரிதான் இடம். அவர் புறப்பட்ட இடத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை.

பெங்களூரில் கோல் கும்பஸ் எக்ஸ்பிரஸ் ஏறினோம், நானும் என் மனைவியும். விடிந்து பார்த்தால் ஜன்னலுக்கு வெளியே கரிசல் மண், சோளம், துவரை. வயல் என்றால் தண்ணீர் நிற்க வேண்டும் என்று பழகிய கண்ணுக்கு அந்தப் பூமி பிடிபட நேரமாயிற்று. பீஜப்பூருக்கு 2014 முதல் விஜயபுரா என்று பெயர். மத்தியானம் சோள ரொட்டியும் கத்தரிக்காய்க் குழம்பும் அருமையாக இருந்தன. இருந்தாலும் ராத்திரி ஒரு பிடி சோறு எங்கே கிடைக்கும் என்று தேடி அலைந்ததை மறைப்பானேன்!

எல்லோரும் ஓடுவது கோல் கும்பஸுக்கு. 1656ல் முடிந்த கட்டடம். ஒரு தூண்கூட இல்லாமல் நிற்கும் குவிமாடத்துக்கு உள்விட்டம் 124 அடி. மேல்மாடத்தில் யாராவது கைதட்டினால் சத்தம் பல தடவை திரும்பி வருகிறது. பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாக வந்து கத்தித் தீர்க்கிறார்கள். பார்க்க வேண்டியதுதான். ஆனால் அது பீஜப்பூர் சுல்தான் முகமது அடில் ஷாவின் சமாதி. நான் தேடி வந்தது அரண்மனை.

அந்த அரண்மனையான ககன் மஹால் கோட்டைக்குள் இருக்கிறது. முதலாம் அலி அடில் ஷா 1561 வாக்கில் கட்டியது. கீழே தர்பார், மேல்மாடியில் அரச குடும்பம் குடியிருந்தது. மாடியைத் தாங்கிய மரமெல்லாம் என்றைக்கோ போய்விட்டது. வெறும் சுவரும் வானமும்தான் மிச்சம். முகப்பில் மூன்று வளைவுகள். பக்கத்து இரண்டும் ஒடுக்கம். நடுவில் இருப்பது ஏறக்குறைய 60 அடி அகலம். “நம்ம ஊர் அறுவடை மெஷினே உள்ள போயி திரும்பிடும் போலிருக்குங்க” என்றாள் மனைவி. அளவைச் சொல்ல அதைவிட நல்ல வழி எனக்குத் தோன்றவில்லை.

இதைக் கட்டிய அலி அடில் ஷாதான் 1565ல் தலைக்கோட்டைப் போரில் மற்ற சுல்தான்களோடு சேர்ந்து விஜயநகரத்தைச் சாய்த்தவர். அந்த விஜயநகரத்தின் கீழ் தஞ்சையை ஆண்டவர்கள் நாயக்கர்கள். நூற்றுச் சொச்சம் வருஷம் கழித்து, மதுரை நாயக்கரிடம் பறிபோன தஞ்சையை மீட்டுத் தஞ்சை நாயக்கர் வாரிசுக்கே கொடுக்கும்படி பீஜப்பூர் ஏகோஜியை அனுப்பியது. அவர் மீட்டார், 1675 வாக்கில் தாமே உட்கார்ந்துகொண்டார். அப்போது பீஜப்பூர் சுல்தான் சிக்கந்தர் சிறு பையன். அந்தப் பையன் வளர்ந்து, 1686ல் ஔரங்கசீப்பிடம் சரணடைந்தபோது, அவரை இதே ககன் மஹாலில் வெள்ளிச் சங்கிலி பூட்டிக் கொண்டுவந்து நிறுத்தினார்கள் என்பார்கள். அனுப்பிய அரசு அழிந்த பிறகும், அனுப்பப்பட்டவரின் வம்சம் தஞ்சையில் 1855 வரை நீடித்தது.

அரசர்கள் அடித்துக்கொண்டார்கள். கொத்தனார்கள் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். விஜயநகரத்தின் தலைநகரான ஹம்பியின் தாமரை மஹாலிலும் யானைக் கொட்டிலிலும் சுல்தானியர் வளைவும் குவிமாடமும் தலைக்கோட்டைக்கு முன்பே வந்துவிட்டன. அங்கிருந்து நாயக்கர்கள் வழியாக அந்தப் பாணி தெற்கே இறங்கியது. 1636ல் கட்டிய மதுரை மஹால் அதற்குச் சாட்சி. மராட்டியர் வரும்போது தஞ்சைக்கு வளைவு புதிதல்ல.

டெல்டாவில் அது ஒட்டிக்கொண்டதற்கு நம் மண்ணும் காரணம் என்பது என் கட்சி. நம்மிடம் கல் கிடையாது. பெரிய கோயிலுக்கே வெளியிலிருந்துதான் கல் வந்தது. நமக்கு வாய்த்தது வண்டல், அதில் சுட்ட செங்கல், சுண்ணாம்பு. உத்தரக் கல் இல்லாமல் செங்கல்லால் அகலமான வாசலை மூட வேண்டுமென்றால் வளைவைவிடத் தோதானது வேறென்ன? சத்திரங்களிலும் அரண்மனையிலும் அதைத்தான் செய்தார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். யமுனாம்பாளின் கணவரான அதே பிரதாப சிங்தான் நாகூர் தர்காவின் 131 அடிப் பெரிய மினாராவை எழுப்பியவர். ஏகோஜியின் தகப்பனார் ஷாஜிக்கே ஷா ஷரீப் என்ற சூபி ஞானியின் நினைவாகத்தான் பெயர் வைத்தார்கள் என்று மராட்டியர் கதை சொல்லும். விஜயபுராவைப் பார்த்த பிறகு இவையெல்லாம் அதிசயமாகத் தெரிவதில்லை.

சம்பா அறுவடை முடிந்த கையோடு கிளம்புங்கள். சித்திரை வெயில் அந்த ஊரில் பொல்லாதது. போவதற்கு முன்னால் தஞ்சை அரண்மனையின் மராட்டா தர்பார் வளைவுகளை ஒரு தடவை நிதானமாகப் பார்த்துவிட்டுப் போங்கள். கோல் கும்பஸோடு திரும்பிவிடாதீர்கள்.