ஒரு நிதியாண்டின் நாட்குறிப்பு: சி.எஃப்.ஓ.வின் பன்னிரண்டு மாதங்கள்

ஏப்ரல் 1

இந்தியக் கம்பெனிகளுக்கு இன்று புதுக் கணக்கு பிறக்கிறது. நிதிப் பிரிவுக்கு மட்டும் பழைய கணக்கை முடிக்கும் வேலை இன்றுதான் தொடங்குகிறது. மார்ச் 31 தேதியிட்ட பில் இருக்கிறது. சரக்கு ஏற்றிய லாரியோ ஏப்ரல் 2 அன்றுதான் கிளம்புகிறது என்றால், அந்த விற்பனை பழைய ஆண்டில் சேராது. அனுபவப்பட்ட நிதித் தலைவர், அதாவது சி.எஃப்.ஓ., ஆண்டு விற்பனை எவ்வளவு என்று முதலில் கேட்பதில்லை. கடைசி மூன்று நாள் பில்களையும் கேட் பாஸ்களையும் எடுத்து வரச் சொல்கிறார். இரண்டின் தேதிகளும் ஒத்துப்போனால்தான் மற்ற கணக்குகளை நம்பிப் பார்க்க முடியும்.

பங்குச் சந்தையில் பட்டியலிட்ட கம்பெனியானால், உள்விவரம் தெரிந்தவர்கள் அதன் பங்குகளை வாங்கவும் விற்கவும் இன்று முதல் தடை. முடிவுகள் வெளியாகி 48 மணி நேரம் ஆன பிறகே அது நீங்கும். சி.எஃப்.ஓ.வும் அதற்கு விலக்கல்ல.

மே 28

ஆண்டு முடிந்து 60 நாளுக்குள் தணிக்கை செய்த முடிவுகளை வெளியிட வேண்டும் என்பது பங்குச் சந்தைகளை ஒழுங்குபடுத்தும் செபியின் விதி. ஆகவே மே 30 கடைசி நாள். ஆடிட் கமிட்டி கூடுகிறது. விவாதம் பெரும்பாலும் மதிப்பீடுகளைச் சுற்றியே நடக்கும்: வராக்கடனுக்கு எவ்வளவு ஒதுக்குவது, தேங்கிய சரக்கின் மதிப்பை எவ்வளவு குறைப்பது, நடந்துகொண்டிருக்கும் வழக்கில் பணம் கட்ட நேருமா? ஒவ்வொரு கேள்விக்கும் லாபத்தைக் கூட்டிக் காட்டும் பதில் ஒன்று உண்டு, குறைத்துக் காட்டும் பதிலும் ஒன்று உண்டு. எது நியாயம் என்று ஆதாரத்தோடு சொல்வதுதான் இந்தப் பதவியின் மையமான வேலை.

2013ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டம் இதற்குப் பொறுப்பாளியைப் பெயர் சொல்லிக் காட்டுகிறது. பட்டியலிட்ட கம்பெனிகளும், 10 கோடி ரூபாய் அல்லது அதற்கு மேல் செலுத்தப்பட்ட மூலதனம் உள்ள பொதுக் கம்பெனிகளும் முழுநேர சி.எஃப்.ஓ.வை நியமிக்க வேண்டும். நிதிநிலை அறிக்கையில் அவர் கையெழுத்திட வேண்டும். பட்டியலிட்ட கம்பெனியில், கணக்கு உண்மையான நிலையைக் காட்டுகிறது என்று தலைமைச் செயல் அலுவலரோடு சேர்ந்து போர்டுக்குச் சான்றும் தர வேண்டும்.

ஜூன் 15

முன்கூட்டிக் கட்டும் வருமான வரியின் முதல் தவணை: ஆண்டு வரியில் 15 சதவீதம். செப்டம்பர் 15-க்குள் 45, டிசம்பர் 15-க்குள் 75, மார்ச் 15-க்குள் 100 சதவீதம் என்று அது ஏறும். இன்னும் சம்பாதிக்காத லாபத்தைக் கணித்து வரி கட்டும் ஏற்பாடு இது. குறைத்துக் கட்டினால் வட்டி விழும். கூட்டிக் கட்டினால் தொழிலுக்கு வேண்டிய பணம் அரசிடம் முடங்கும். ஆண்டு எப்படிப் போகும் என்ற தெளிவு ஜூன் மாதத்திலேயே இருந்தாக வேண்டும்.

ஜூலை 1

இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனம் 1949இல் இதே நாளில் தொடங்கப்பட்டது. இந்தியாவின் சி.எஃப்.ஓ.க்களில் பலர் அதன் தேர்வுகளை எழுதி வந்தவர்கள். காஸ்ட் அக்கவுண்டன்ட்களும் எம்.பி.ஏ. படித்தவர்களும் உண்டு. ஆர்ட்டிகிள்ஷிப் என்ற பயிற்சிக் காலத்தில் வவுச்சர் சரிபார்ப்பதில் தொடங்கி, தொழிற்சாலைக் கணக்கு, அடக்கவிலை, வங்கி உறவு, வரி என்று படிப்படியாக ஏறுவது வழக்கம். இவற்றில் தொழிற்சாலை அனுபவம் தனி மதிப்புடையது. ஷாப் ஃப்ளோரில் நின்று பார்த்தவருக்கு, கழிவு இரண்டு சதவீதம் கூடியதாக அறிக்கையில் வந்தால் எந்த மெஷினிடம் போய்க் கேட்க வேண்டும் என்று தெரியும்.

ஆகஸ்ட் 14

முதல் காலாண்டு முடிவுகளுக்கு இன்று கடைசி நாள். காலாண்டு முடிந்து 45 நாள் அவகாசம். முடிவு வெளியானதும் ஆய்வாளர்கள் தொலைபேசிக் கூட்டத்தில் கேள்வி கேட்பார்கள். வெளிப்படையாகப் பேசும் பழக்கத்துக்கு இந்தியாவில் முன்னுதாரணமாகச் சொல்லப்படுவது இன்ஃபோசிஸ். 1999 மார்ச்சில் அது அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் பட்டியலானது. அப்போது அதன் சி.எஃப்.ஓ. மோகன்தாஸ் பை. அடுத்த காலாண்டு எப்படி இருக்கும் என்று சந்தைக்கு முன்கூட்டிச் சொல்லிவிட்டு, பிறகு அந்தச் சொல்லுக்குக் கணக்குக் கொடுப்பது கடுமையான ஒழுங்கு. கெட்ட செய்தியைத் தானே முதலில் சொல்பவரின் நல்ல செய்தியைத்தான் சந்தை நம்பும்.

நவம்பர் 10

வங்கிக்கு மாதந்தோறும் அனுப்பும் ஸ்டாக் ஸ்டேட்மென்ட் தயாராகிறது. சரக்கையும் வசூலாக வேண்டிய பாக்கியையும் வைத்தே கேஷ் கிரெடிட் கடனில் எவ்வளவு எடுக்கலாம் என்று வங்கி முடிவு செய்கிறது.

லாபம் வேறு, ரொக்கம் வேறு என்பது இங்கே பளிச்சென்று தெரியும். ஆண்டுக்கு 100 கோடி ரூபாய் விற்பனையும் 10 கோடி லாபமும் உள்ள ஒரு கம்பெனியை எடுத்துக்கொள்வோம். வாடிக்கையாளர்கள் 60 நாளில் கொடுத்த பணத்தை 90 நாளில் கொடுக்கத் தொடங்கினால், 30 நாள் விற்பனை, அதாவது சுமார் 8.2 கோடி ரூபாய், கூடுதலாக வெளியே நின்றுவிடும். ஏட்டில் லாபம் குறையவில்லை. கையில் வர வேண்டிய பணத்தில் பெரும்பகுதி வரவில்லை. சம்பளமும் கடன் தவணையும் ஏட்டு லாபத்திலிருந்து கொடுக்கக் கூடியவை அல்ல. அதனால்தான் தேர்ந்த சி.எஃப்.ஓ. அடுத்த 13 வாரங்களுக்கு வாரவாரியாக வரவு, செலவு, இருப்பு எழுதிய ஒரு தாளை எப்போதும் பக்கத்தில் வைத்திருக்கிறார். பற்றாக்குறை எட்டாவது வாரத்தில் தெரிந்தால் வங்கியோடு பேச நேரம் உண்டு. முதல் வாரத்தில் தெரிந்தால் வங்கி சொல்லும் நிபந்தனைக்குத் தலையாட்ட வேண்டியதுதான்.

ஜனவரி 7

சத்யம் கம்ப்யூட்டர்ஸ் தலைவர் ராமலிங்க ராஜு, கணக்கில் தாம் செய்த மோசடியை 2009இல் இந்த நாளில் கடிதம் எழுதி ஒப்புக்கொண்டார். ஏட்டில் காட்டிய 5,361 கோடி ரூபாய் ரொக்க, வங்கி இருப்பில் 5,040 கோடி இல்லவே இல்லை என்றது அந்தக் கடிதம். 2015 ஏப்ரலில் ஹைதராபாத் நீதிமன்றம் தண்டித்தவர்களில் கம்பெனியின் முன்னாள் சி.எஃப்.ஓ.வும் ஒருவர். வங்கி இருப்பு என்பது கணக்கிலேயே எளிதாகச் சரிபார்க்கக் கூடியது. வங்கியிடம் நேரே கேட்டு வாங்கும் உறுதிக் கடிதம் ஒன்று போதும். மேலிடத்தின் சொல்லை ஆதாரமாக ஏற்காமல் அந்தக் கடிதத்தைக் கேட்டு வாங்கும் உறுதியே இந்தப் பதவிக்கு அடிப்படைத் தகுதி.

பிப்ரவரி 21

டி.சி.எஸ். நிறுவனத்தில் 2013 முதல் சி.எஃப்.ஓ.வாக இருந்த ராஜேஷ் கோபிநாதன், 2017இல் இதே நாளில் அதன் தலைமைச் செயல் அலுவலரானார். அவர் திருச்சி மண்டலப் பொறியியல் கல்லூரியில் படித்தவர். சென்னையில் பிறந்த இந்திரா நூயி, பெப்சிகோவின் நிதித் தலைவராக இருந்து 2006இல் அதன் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். நிதி நாற்காலியிலிருந்து கம்பெனி முழுவதும் தெரியும். எந்தப் பொருள் மற்றதற்குச் சோறு போடுகிறது, எந்த முதலீடு திரும்பி வரவில்லை என்பதெல்லாம் அங்கே ஒரே மேசைக்கு வந்து சேர்கின்றன. ஆனால் செலவை வெட்டுவதோடு நின்றுவிடுபவர் அந்த உயரத்துக்குப் போவதில்லை. எங்கே துணிந்து பணம் போட வேண்டும் என்றும் சொல்லத் தெரிந்தவரே போகிறார்.

மார்ச் 31

இலக்கை எட்ட இன்னும் கொஞ்சம் விற்பனை வேண்டும், டீலர் கிடங்கில் சரக்கைத் தள்ளிவிட்டுப் பில் போடலாம் என்ற யோசனை இன்று மாலை பல அலுவலகங்களில் எழும். வேண்டாத சரக்கு ஏப்ரலில் திரும்பி வரும்; அடுத்த ஆண்டு இன்னும் பெரிய பள்ளத்தோடு தொடங்கும். இதை எடுத்துச் சொல்லித் தடுப்பவர் சி.எஃப்.ஓ. குறு, சிறு தொழில்களுக்குத் தர வேண்டிய பாக்கி தீர்ந்ததா என்றும் அவர் இன்று பார்க்கிறார். சட்டக் கெடு ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாள். கெடு தாண்டிய தொகையை, 2023-24 நிதியாண்டு முதல், பணம் கொடுக்கும் ஆண்டில்தான் வரிக் கணக்கில் செலவாகக் கழிக்க முடியும். வரி ஒருபுறம் இருக்கட்டும். பெரிய கம்பெனி தாமதிக்கும் பணம் சிறிய பட்டறையின் கூலிப் பணம். அதை உரிய நாளில் கொடுப்பதும், உள்ளதை உள்ளபடி எழுதுவதும் ஒரே நேர்மையைச் சேர்ந்த வேலைகள். இரண்டையும் ஆண்டு முழுக்கச் செய்துவந்தவர் மே மாதம் தயக்கமின்றிக் கையெழுத்திட முடியும்.