விற்பனையில் இல்லாத கதை

முதுகலைத் தமிழ் படித்துக்கொண்டிருந்த 2002ஆம் ஆண்டில்தான் 'பிளேன்ஸ்கேப்: டார்மென்ட்' எனக்கு அறிமுகமாயிற்று. 1999இல் வெளிவந்த கணினி விளையாட்டு அது. ஆனால் ஆடியதைவிட வாசித்ததே மிகுதி. பிணவறையில் ஒருவன் கண்விழிக்கிறான். அவனுக்குத் தன் பெயர் நினைவில்லை, இறக்கவும் இயலாது. திரையில் விரியும் பத்திகளைப் படித்துப் படித்தே அவன் முன்பு இழைத்த பிழைகளை நாம் அறிய வேண்டும். பகலில் சிலப்பதிகார வகுப்பில் கேட்ட ஊழ்வினை, இரவில் விடுதி அறையில் வேறோர் உருவில் வந்து நின்றது.

நானும் அறைத் தோழனும் காசு சேர்த்து வாங்கிய அந்தக் குறுந்தகடுகள் கள்ளப் பிரதிகள். அன்று அது உறுத்தவில்லை. ஆசிரியப் பணிக்கு வந்து, நூல்களை முழுமையாக நகலெடுப்பது தவறென்று மாணவரிடம் சொல்லத் தொடங்கிய பிறகே உறுத்தியது. முறையாக வாங்கலாமெனத் தேடினேன். நான் ஏறி இறங்கிய கடைகள் எதிலும் இல்லை.

காரணம் பின்னரே விளங்கிற்று. ஒரு நாவலுக்குப் பெரும்பாலும் ஓர் ஆசிரியர், ஒரு பதிப்பாளர். இதற்கோ உடைமையாளர் பலர். உருவாக்கியது பிளாக் ஐல். வெளியிட்டது அதன் தாய் நிறுவனமான இன்டர்பிளே. இயக்கும் மென்பொருள் பயோவேர் உடையது. கதை நிகழும் உலகமோ டிஎஸ்ஆர் நிறுவனத்தின் ஆக்கம். அந்நிறுவனத்தை 1997இல் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் வாங்க, 1999இல் விசார்ட்ஸை ஹாஸ்ப்ரோ வாங்கியது. 2003இன் இறுதியில் பிளாக் ஐல் மூடப்பட்டது. படைத்தவர்கள் கலைந்தனர், ஒப்பந்தத் தாள்கள் மட்டும் எஞ்சின.

2008இல் போலந்தின் சிடி ப்ராஜெக்ட் நிறுவனத்தார் ஜிஓஜி என்னும் இணைய அங்காடியைத் தொடங்கினர். பழைய விளையாட்டுகளின் உரிமையாளர்களைத் தேடிப்பிடித்து ஒப்பந்தமிட்டு, நகல் தடுப்புப் பூட்டு ஏதுமின்றி விற்பதே அவர்கள் தொழில். 2010இல் பிளேன்ஸ்கேப் அங்கு வந்தது. பத்து டாலருக்குச் சற்றுக் குறைவான விலை. வாங்கினேன், கடன் தீர்ந்த நிம்மதி.

அந்த நிம்மதியைக் கலைத்தது இன்டர்பிளேயின் மற்றொரு விளையாட்டான 'ஃபால்அவுட்'. 2007இல் அதன் உரிமையை இன்டர்பிளே 57.5 லட்சம் டாலருக்கு பெதஸ்டாவிடம் விற்றது. பழைய பாகங்களை விற்கும் அனுமதியை மட்டும் வைத்துக்கொண்டது. பின்னர் வழக்கு மூண்டது. 2012இல் எட்டப்பட்ட உடன்பாட்டின்படி அந்த அனுமதியும் 2013 டிசம்பரோடு முடிந்தது. ஜிஓஜியில் அவை விற்பனையிலிருந்து நீக்கப்பட்டன. 2015இல் பெதஸ்டாவின் வழியாக மீண்டும் வந்தன. இடையில் படைப்பிற்கு எந்தக் குறையும் நேரவில்லை. மாறியது கையொப்பம் மட்டுமே.

மீண்டு வந்தவை சிலவே. அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று விற்பனையில் இல்லை என 2023இல் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் கண்டறிந்தது. பதிப்பு தீர்ந்த நூல் நூலக அடுக்கிலோ பழைய புத்தகக் கடையிலோ காத்திருக்கும். விளையாட்டுக்கோ அதை இயக்கும் கணினியும் காத்திருக்க வேண்டும். நிறுவனப் படைப்புகளுக்கு அமெரிக்கச் சட்டம் தரும் காப்பு, வெளியீட்டிலிருந்து 95 ஆண்டுகள். அவ்வகையில் பிளேன்ஸ்கேப் பொதுவுடைமையாவது 2095இல். அதுவரை அதை யார் பாதுகாப்பார்?

கள்ளப் பிரதியை நான் நியாயப்படுத்தவில்லை. ஆயினும் அந்தப் பழைய குறுந்தகடுகள் என் மேசை இழுப்பறையில் இன்னும் இருக்கின்றன. எறிய மனம் வரவில்லை. அண்மையில் மாணவர் ஒருவர் அந்த விளையாட்டைப் பற்றிக் கேட்டார். இழுப்பறையைத் திறக்கவில்லை, அங்காடியின் பெயரைச் சொன்னேன். "விற்பனையில் இருக்கும்போதே வாங்கிவிடுங்கள்" என்று சொல்லவும் மறக்கவில்லை.