மூன்றால் வகுத்த வரி

சுவரில் விரிசல் கண்டால் கட்டிய கொத்தனாரைக் குறை கூறுவது உலக வழக்கு. சுவர் நிற்கும் மண் நகர்ந்திருக்கலாம் என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே. கணினி உலகிலும் இந்நிலையைக் காணலாம். நேற்று வரை பழுதின்றி இயங்கிய செயலி ஒன்று இன்று திறக்க மறுக்கிறது. அதன் நிரலில் எவரும் ஓர் எழுத்தையும் மாற்றவில்லை. மாறியது அதனைத் தாங்கி நின்ற தளம். அத்தகைய செயலி ஒன்றைச் சீர்செய்யப் புகுந்த இளைய ஆசிரியர் ஒருவரின் அனுபவம், கற்பிப்போரும் கற்போரும் எண்ணிப் பார்க்கத் தக்கது.

பேராக் மாநிலத்துத் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் நன்கொடையாக வந்த பழைய கணினிகள் சில இருந்தன. விலை கொடுத்து வாங்கும் புதிய இயங்குதளங்களைத் தாங்கும் ஆற்றல் அவற்றுக்கு இல்லை. ஆதலின் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் அவற்றில் நிறுவப்பட்டிருந்தது. அப்பள்ளியின் மூத்த ஆசிரியர் ஒருவர், தம் ஓய்வுக்குச் சில ஆண்டுகள் முன்னர், 2009இல், யாரிடமும் பாடம் கேளாமல் பைத்தான் என்னும் நிரல்மொழியைத் தாமே கற்று ஒரு சிறு செயலியை இயற்றினார். முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கக் கொடுக்கும் சொற்களை எழுத்தெண்ணிக்கை வாரியாகப் பிரித்துக் காட்டுவதே அதன் பணி. ஈரெழுத்துச் சொல் வேண்டினால் கல், பால், வீடு என வரும். மூவெழுத்துச் சொல் வேண்டினால் மரம், வண்டி என வரும். பிள்ளைகள் எந்தச் சொல்லில் தடுமாறினர் என்னும் குறிப்பும் அதிலேயே சேர்ந்துகொண்டு வந்தது. அவர் ஓய்வு பெற்ற பின்னரும் அவருடைய செயலி வகுப்பறையில் பணியாற்றிக்கொண்டே இருந்தது.

2021 ஏப்ரலில் அக்கணினிகளில் இருந்த லினக்ஸ் வெளியீட்டுக்கான ஆதரவுக் காலம் முடிந்தது. இனிப் பாதுகாப்புத் திருத்தங்கள் வாரா என்பதால் புதிய வெளியீட்டுக்கு மாறுவதே முறை. நோய்த்தொற்றின் காரணமாகப் பள்ளிகள் மீண்டும் மூடப்பட்டிருந்த அந்நாள்களில், அங்குப் பணியாற்றும் இளைய ஆசிரியர் ஒருவர் கணினி ஒன்றை வீட்டுக்கு எடுத்துச் சென்றார். அவர் அந்த மூத்த ஆசிரியரிடமே படித்தவர். கோப்புகளைப் பத்திரப்படுத்திவிட்டுப் புதிய வெளியீட்டை நிறுவினார். செயலியையும் சொற்பட்டியலையும் பழைய இடத்திலேயே வைத்தார். படவுருவைச் சொடுக்கினார். ஒன்றும் நிகழவில்லை. மீண்டும் சொடுக்கினார். திரை வாளாவிருந்தது.

பைத்தான் மொழியின் வரலாற்றைச் சிறிது அறிந்தாலன்றி இப்பழுதின் தன்மை விளங்காது. நெதர்லாந்து நாட்டவரான கைடோ வான் ராசம் உருவாக்கிய அம்மொழி 1991இல் வெளிவந்தது. கற்பதற்கு எளிதாக இருந்தமையால் லினக்ஸ் செயலிகள் பல அதில் எழுதப்பட்டன. ஆயினும் தொடக்கக் காலத்தில் எடுத்த முடிவுகள் சில பின்னாளில் இடையூறாயின. அவற்றுள் தலையாயது எழுத்தைக் கையாண்ட முறை. அதன் இரண்டாம் பதிப்பில், மேற்கோள் குறிக்குள் இட்ட சொல் வெறும் பைட்டுகளின் வரிசையாகவே கொள்ளப்பட்டது. ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட்டு என்பதால் அங்கே குறை தென்படவில்லை. பிற மொழிகளுக்கெனத் தனியே ஒரு வகை இருந்தும், இரண்டும் ஒன்றோடொன்று கலந்து ஓயாத பிழைகளை விளைத்தன. இவற்றைக் களைய 2008 டிசம்பரில் மூன்றாம் பதிப்பு வெளிவந்தது. பழைய நிரல்கள் பல இதில் அப்படியே ஓடமாட்டா என்பதை அறிந்தே அதனை வெளியிட்டனர். இரண்டாம் பதிப்பின் ஆதரவுக்கு முதலில் 2015ஆம் ஆண்டை எல்லையாக வைத்தவர்கள், பலருடைய இடர்ப்பாட்டையும் கருதி அதனை 2020 சனவரி 1 வரை நீட்டித்தனர். அதன்பின் லினக்ஸ் வெளியீடுகள் ஒவ்வொன்றாகப் பழைய பதிப்பைக் கைவிடலாயின.

2009இல் மூத்த ஆசிரியர் ஏன் புதிய பதிப்பைத் தேர்ந்துகொள்ளவில்லை என்று கேட்கலாம். திரையில் சாளரத்தையும் பொத்தானையும் வரைந்து தர அவர் பயன்படுத்திய நிரல் நூலகம் அன்று இரண்டாம் பதிப்புக்கே இருந்தது. அவர் தேர்வு அன்றைய நிலைக்கு ஏற்ற தேர்வே.

இளைய ஆசிரியர் செயலியைப் படவுருவால் திறப்பதை விடுத்து, கட்டளை தட்டும் கருந்திரையிலிருந்து இயக்கிப் பார்த்தார். பழுது தன் பெயரைத் தானே சொல்லுமாறு செய்ய அதுவே வழி. முதலில், பைத்தான் என்ற பழைய பெயரில் எதுவும் இல்லை என்ற செய்தி வந்தது. மூன்றாம் பதிப்பைக் கொண்டு இயக்கியபோது, அச்சிடும் கட்டளைக்குப் பிறை அடைப்பு இல்லை என்று கணினி நிறுத்திக்கொண்டது. இத்தகைய இலக்கண வேறுபாடுகளைத் தானே திருத்தித் தரும் கருவி ஒன்று உண்டு. அதனிடம் நிரலை ஒப்படைத்தார். சில நொடிகளில் பல வரிகள் திருந்தின.

அடுத்துச் சாளரம். பழைய வரைகலை நூலகத்தை முற்றிலும் நீக்கிவிட்டு, அதன் வழித்தோன்றலைப் பயன்படுத்த வேண்டியிருந்தது. பொத்தான், பட்டியல், பெட்டி ஆகியவை யாவும் இருந்தன. ஆனால் பெயர்களும் அழைக்கும் முறைகளும் மாறியிருந்தன. வரி வரியாகப் பார்த்து மாற்றுவதில் இரண்டு இரவுகள் கழிந்தன. மூன்றாம் இரவு சாளரம் திறந்தது. பழைய நீல எழுத்தில் பள்ளியின் பெயர் தோன்றியது. மகிழ்ச்சியோடு 'ஈரெழுத்து' என்னும் பொத்தானை அழுத்தினார். பட்டியல் வெறுமையாக வந்தது. 'மூவெழுத்து' என்பதை அழுத்தினார். அதுவும் வெறுமையே. பிழைச்செய்தி ஒன்றும் இல்லை. கணினியைப் பொறுத்தமட்டில் எல்லாம் செம்மையாக நடந்திருந்தது.

பிழை என்று தன்னைக் காட்டிக்கொள்ளும் பிழையைவிட, சரியெனத் தோன்றும் பிழை கொடிது. விடைத்தாள் திருத்துவோர் இதனை நன்கு அறிவர். 'தமிழ்' என்னும் சொல்லுக்கு எத்தனை எழுத்து எனச் செயலி கணக்கிடுகிறது என்று அவர் தனியே அச்சிட்டுப் பார்த்தார். கழித்தல் குறியோடு 0.33 என்று விடை வந்தது. தமிழுக்குச் சுழியத்திலும் குறைவான எழுத்து என்றால் சிரிப்பதா, வருந்துவதா?

எழுத்தை எண்ணும் வரியைத் தேடி எடுத்தார். சொல்லின் நீளத்தை மூன்றால் வகுத்து, அதிலிருந்து உயிர்மெய்க்குறிகளையும் புள்ளிகளையும் கழிக்குமாறு அது எழுதப்பட்டிருந்தது. சொல்லின் நீளத்தை மூன்றால் வகுப்பானேன்? எந்த இலக்கண நூலிலும் இப்படி ஒரு விதி இல்லை. கற்றுக்குட்டித்தனமான நிரல் என்ற எண்ணம் ஒரு கணம் அவர் உள்ளத்தில் எழாமல் இல்லை. முழுவதையும் அழித்துவிட்டுப் புதிதாக எழுதிவிடலாம் என்றும் தோன்றியது. ஆயினும் தம் ஆசிரியர் காரணமின்றி ஒன்றைச் செய்யார் என்னும் நம்பிக்கை அவர் கையைத் தடுத்தது. தாளை எடுத்து எண்ணத் தொடங்கினார்.

'தமிழ்' என்னும் சொல்லைக் கணினி த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என 5 குறிகளாக வைத்துக்கொள்கிறது. சேமிக்கும்போது ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட்டு ஆகிறது. ஆகவே மொத்தம் 15. பழைய பைத்தானிடம் இச்சொல்லின் நீளத்தைக் கேட்டால் 15 என்றுதான் சொல்லும். மூத்த ஆசிரியர் அதை மூன்றால் வகுத்து 5 ஆக்கினார். இகரக்குறியையும் புள்ளியையும் கழித்து, த, மி, ழ் என்னும் 3 எழுத்தைப் பெற்றார். தமிழை அறியாத ஒரு தளத்தின் மீது நின்றுகொண்டு, தமிழ் இலக்கணம் கூறும் விடையை அவர் வரவழைத்திருந்தார். புதிய பைத்தானோ நீளத்தைக் கேட்ட அளவிலேயே 5 என்று சொல்லிவிடுகிறது. அதனை மீண்டும் மூன்றால் வகுத்து இரண்டைக் கழித்தால் சுழியத்துக்குக் கீழே செல்லாமல் என்ன செய்யும்? மேலும், பழைய பதிப்பில் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் பின்னம் வாராது. 3ஐ 2ஆல் வகுத்தால் 1 என்றே வரும். புதியதில் 1.5 என வரும். இலக்கணத்தைத் திருத்திய கருவிக்கு இவ்வரியின் கருத்து தெரியாது. இலக்கணப்படி அதில் குற்றமும் இல்லை. ஆகவே தொடாமல் விட்டுவிட்டது.

நீக்க வேண்டியவை ஒரு சாய்கோடும் ஒரு 3உம். அவ்விரண்டையும் அழித்ததும் கல், பால், வீடு எல்லாம் தத்தம் இடத்துக்குத் திரும்பின.

இத்தகைய இன்னல் ஒரு தோட்டப்புறப் பள்ளிக்கு மட்டும் நேர்ந்ததன்று. மின்னூல்களைத் தொகுத்து வைக்கப் பலரும் பயன்படுத்தும் கேலிபர் என்னும் செயலியை எடுத்துக்கொள்வோம். 2006இல் மின்னூல் படிக்கும் கருவி ஒன்று லினக்ஸுடன் இணங்காமையால், இந்தியரான கோவித் கோயல் அதனைத் தொடங்கினார். பழைய பைத்தானில் பெரிதாக வளர்ந்துவிட்ட அதனைப் புதியதற்கு மாற்றுமாறு வேண்டியபோது, பழைய பைத்தானையே தாம் பேணிக்கொள்ள முடியும் என்றும், மாற்றுவதைவிட அஃது எளிது என்றும் அவர் 2017இல் கருதினார். அக்கருத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் வண்டியின் சக்கரத்தை ஓட்டத்திலேயே மாற்றுவது எளிதன்று. ஆயினும் தன்னார்வலர் சிலர் பகுதி பகுதியாகத் திருத்தங்களை அனுப்பினர், அவரும் ஏற்றுக்கொண்டார். 2020 செப்டம்பரில் 5ஆம் பதிப்பு புதிய பைத்தானில் வெளிவந்தது. ஆனால் பிறர் எழுதிச் சேர்த்த துணைநிரல்களுள் எவற்றுக்குத் திருத்துவார் இல்லையோ அவை அன்றோடு நின்றுபோயின. 2022இல் 6ஆம் பதிப்பு வேறொரு நூலகத்தின் புதிய தலைமுறைக்கு மாறியபோது, அதே உழைப்பு மீண்டும் தேவைப்பட்டது. ஜிம்ப் என்னும் படத்திருத்தச் செயலியின் கதை இன்னும் வியப்பானது. ஜிடிகே என்னும் சாளர நூலகம் அச்செயலிக்காகவே பிறந்தது. அந்நூலகத்தின் மூன்றாம் தலைமுறை 2011இல் வந்தது. ஜிம்ப் அதற்கு மாறி முடித்து வெளிவந்தது 2025 மார்ச்சில். தாய்வீட்டாருக்கே பதினான்கு ஆண்டுகள் தேவைப்பட்டன.

மாற்றம் செய்தவர்களைக் குறை கூறலாமா? தமிழாசிரியர்களுக்கு இது புதிய வினாவன்று. 1978இல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஆணையாக்கியது. பின்னர் மலேசிய, சிங்கைப் பாடநூல்களும் அதனை ஏற்றன. ணை, லை, றா முதலிய பதின்மூன்று எழுத்துகளின் வடிவம் மாறியது. துதிக்கை போல் வளைந்த ஐகாரக்குறியை எழுதிப் பழகிய ஆசிரியர் கைகள் மறுபடியும் பழக வேண்டியிருந்தன. கற்கும் குழந்தைக்கு அதனால் எளிமை விளைந்தது என்பதை மறுப்பதற்கில்லை. அதே வேளையில், பழைய பதிப்பு நூலைத் திறக்கும் இன்றைய மாணவர் அவ்வெழுத்தைக் கண்டு அச்சுப்பிழை என்று எண்ணிவிடுகிறார். அஃது அச்சுப்பிழையன்று, அக்காலத்து முறை என்று சொல்லித் தர அருகில் ஒருவர் இருக்க வேண்டும். புதிய பைத்தானும் அவ்வாறே. தமிழ்ச் சொல்லைத் தமிழாக எண்ணத் தெரிந்த தளம் நமக்கு நன்மையே. அந்நன்மை வருமுன் அரும்பாடுபட்டு வழி கண்டவர்களின் வரிகள் இன்று பிழையாகத் தோன்றுகின்றன.

கட்டுப்பாடுகள் தளர்ந்த பின் ஒரு மாலைப்பொழுதில் இளைய ஆசிரியர் கணினியை எடுத்துக்கொண்டு தம் ஆசிரியரின் வீட்டுக்குச் சென்றார். செயலியைத் திறந்து காட்டினார். பெரியவர் பொத்தான்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார்.

"மூன்றால் வகுத்த வரியை என்ன செய்தாய், தம்பி?"

"வகுத்தலை எடுத்துவிட்டேன் ஐயா. ஆனால் மேலே ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன்."

நிரலைத் திறந்து அவ்விடத்தைக் காட்டினார். கணினி படிக்காமல் கடந்து செல்லும் குறிப்பு வரியாக, தமிழிலேயே அஃது எழுதப்பட்டிருந்தது: 'முன்பு இங்கே மூன்றால் வகுக்கப்பட்டது. ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட்டு என்பதே காரணம். பழைய பைத்தானில் அது சரியான கணக்கு.'

பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மீண்டும் அணிந்துகொண்டார்.

"நான் எழுதியபோது இந்தக் குறிப்பை எழுதி வைக்கவில்லை. நான் இருப்பேனே என்று நினைத்தேன். மறுபடியும் உடையுமா?"

"உடையும் ஐயா. எப்போது என்பதுதான் தெரியாது."

"அப்படியானால் இப்போதே பிள்ளைகள் இரண்டு பேரை உட்கார வைத்துச் சொல்லிக்கொடு. உன்னோடும் நின்றுவிடக் கூடாது."

பள்ளி திறந்தபின் புதன்கிழமைதோறும் பாடம் முடிந்ததும் ஆறாம் ஆண்டு மாணவர் இருவர் அவருடன் கணினி அறையில் அமர்ந்தனர். முதல் நாள் அவர் நிரலின் தொடக்கத்தைக் காட்டவில்லை. அந்தக் குறிப்பு வரியைக் காட்டி, 'தமிழ்' என்னும் சொல்லைத் தாளில் எழுதி எண்ணச் சொன்னார். ஒரு மாணவர் 3 என்றார். மற்றவர் 5 என்றார். இருவர் விடையும் சரியே என்று தொடங்கிற்று அந்தப் பாடம்.