பாதை போட்டால்தான் காடு பிழைக்கும்

மலைக்காட்டில் பாதை வெட்டினால் காடு கெடும் என்று பலரும் நினைக்கிறோம். அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைப்பாதையைப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை. 1921இல் பென்டன் மக்காய் முன்மொழிந்து, 1937இல் முழுமையடைந்த அந்தப் பாதை, ஜார்ஜியா முதல் மெய்ன் வரை 14 மாநிலங்கள் வழியாகச் சுமார் 3,500 கிலோமீட்டர் போகிறது. பாதை இல்லாத மலையில் ஆளுக்கொரு தடம் விழும். அடுத்த மழையில் ஒவ்வொரு தடமும் ஓடையாகி மண்ணை அரித்துவிடும். ஒழுங்காகப் போட்ட பாதையோ சரிவின் குறுக்கே, பள்ளத்தின் பக்கம் லேசாகச் சாய்ந்து போகும். குறுக்கே பதித்த கல்லும் மரக்கட்டையும் தண்ணீரை ஓரமாகத் திருப்பிவிடும். மண் தங்கும், கால்களும் ஒரே தடத்தில் அடங்கும்.

அப்பலாச்சியன் பாதையைப் பராமரிப்பவர்கள் பெரும்பாலும் கூலி வாங்காத தன்னார்வலர்கள். அரசு செய்ய வேண்டியதை ஏன் மக்கள் சும்மா செய்ய வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அங்கே அரசு ஒதுங்கிவிடவில்லை. 1930களில் அரசு முகாம்களில் கூலி பெற்ற இளைஞர்களும் இந்தப் பாதையில் உழைத்தார்கள். 1968இல் வந்த சட்டம் தேசியப் பாதுகாப்பு தந்தது. இருந்தாலும், வடிகாலில் அடைத்த இலைச்சருகைச் சட்டம் வந்து அள்ளாது. அதை அள்ளுவது பெரும்பாலும் உள்ளூர் நடைக்கழகங்களின் தன்னார்வலர்கள்தான். மலையேறப் போகிறவர்கள் அவர்களுக்குச் செய்யக்கூடிய உதவி ஒன்று உண்டு: குறுக்குவழியை விட்டு, போட்ட பாதையிலேயே நடங்கள்.