ஹேண்ட் பிரேக்கும் ஈரத் தானியமும்



மர்ஹூம் வாப்பா விட்டுச் சென்றவற்றுள் 1986-ஆம் ஆண்டு மாருதி 800 காரும் ஒன்று. 1983 இறுதியில் அறிமுகமாகி 2014-இல் உற்பத்தி நின்றுபோன அவ்வகைக் கார்களில், தொடக்ககால வண்டிகளைப் பழைமை விரும்பிகள் இன்று தேடி வாங்குகின்றனர். வாரிசுகளுக்குப் பங்கு பிரிக்க வேண்டியிருந்ததால் விற்க முடிவு செய்தோம். ஓர் இளைஞர் விலை பேசிச் சென்றார்.

ஆனால் ஹேண்ட் பிரேக் நிற்கவில்லை. லீவரை இழுத்தால் ‘கடக், கடக்’ என ஏறும். கையை எடுத்ததும் நழுவிக் கீழே இறங்கிவிடும்.

முன்னிருக்கைகளுக்கு நடுவே லீவரைக் கழற்றிக் காட்டினார் மெக்கானிக். அதன் அடியில் பற்கள் கொண்ட தகடு ஒன்று உண்டு. லீவரை இழுக்கும்போது சிறு கொக்கி அப்பற்களில் விழுந்து பிடித்துக்கொள்ளும். நுனியிலுள்ள பொத்தானை அழுத்தினால் கொக்கி விலகும். லீவரோடு இணைந்த கேபிள் பின்சக்கர டிரம்முக்குள் பிரேக் ஷூக்களை விரித்து அழுத்தும். கேபிள் தளர்ந்தால் லீவர் அளவுக்கு மீறி உயருமே தவிர நழுவாது. இங்கோ கொக்கியின் முனையும் சில பற்களும் தேய்ந்து மழுங்கியிருந்தன.

“வெல்டிங் வச்சு ராவி விட்டுடலாம் ஹஜ்ரத். ஆறு மாசம் தாங்கும். விற்கிற வண்டிதானே?” என்றார். தீய எண்ணத்தில் அன்று. தொழில் வழக்கத்தைச் சொன்னார்.

சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்டது. மழையில் நனைந்ததாக வணிகர் கூறினார். மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக்கூடாதா என்று கேட்ட நபியவர்கள், ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் எனக் கண்டித்தார்கள். இது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான செய்தி. விற்பனைக்கு முன்பே இருந்து, வாங்குபவர் அறியாத, மதிப்பைக் குறைக்கும் குறை பின்னர் தெரியவந்தால் பொருளைத் திருப்பித் தரும் உரிமையும் மார்க்கச் சட்டத்தில் உண்டு. ‘கியாருல் ஐப்’ என்பது அதன் பெயர். ஈரத் தானியம் மறைந்திருந்தால் நட்டம் பணத்தோடு போகும். மழுங்கிய பல் மறைந்திருந்தால், சரிவில் நிற்கும் வண்டிக்குப் பின்னால் யாரோ ஒருவருடைய குழந்தை விளையாடிக்கொண்டிருக்கலாம்.

பழைய உதிரிபாகக் கடையில் பல் தேயாத லீவர் ஒன்று கிடைத்தது. அதைப் பொருத்தி, கேபிளின் நட்டை முறுக்கி இழுவையைச் சரிசெய்தார் மெக்கானிக். மேட்டுச் சாலையில் கியர் போடாமல் நிறுத்திப் பார்த்தோம். அசையவில்லை.

இனிச் சொல்லாமலே விற்றிருக்கலாமே என்று சிலர் கேட்டனர். மாட்டியது புதிய பாகம் அன்று. ஆகவே சொல்வதே நேர்மை. சொன்னால் விலை குறையும். குறைவது என் பங்கு மட்டுமன்று என்பதால் முதலில் தங்கைகளிடம் கேட்டேன். “வாப்பா இருந்தாலும் சொல்லித்தான் வித்திருப்பாங்க, காக்கா” என்றாள் மூத்தவள்.

தேய்ந்த லீவரை அந்த இளைஞரிடமே கொடுத்து விவரம் கூறினோம். இரண்டாயிரம் ரூபாய் குறைத்துக்கொண்டார். மனநிறைவோடு வாங்கிச் சென்றார். விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசிக் குறையைத் தெளிவுபடுத்தினால் அவ்வியாபாரத்தில் பரக்கத் உண்டு என்பது நபிமொழி தரும் நற்செய்தி. வாப்பாவின் பொருளை விற்ற பணத்தில் நாங்கள் நாடியதும் அந்த பரக்கத்தைத்தான்.

நம் கொடுக்கல் வாங்கல்களை வல்ல அல்லாஹ் தூய்மையாக்கி வைப்பானாக. ஆமீன்.